அத்தியாயம் 7: உயிர் காக்கும் தொண்டருக்கு வீட்டு வரியில் சலுகை கேட்பது எப்படி?

காரைக்கால் மாவட்டத்துப் பட்டினச்சேரிக் கரையில் நள்ளிரவில் "படகு கவுந்துடுச்சு" என்று ஒரு குரல் எழும்பினால், எவருடைய உத்தரவையும் எதிர்பாராமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தமது ஃபைபர் படகை அலைக்குள் தள்ளுகிற நாலு பேர் எப்போதும் இருக்கிறார்கள். கூரை பற்றிக்கொண்டதென்றால் தீயணைப்பு வண்டி வந்து சேருமுன் பக்கத்து வீட்டுக் கீற்றைப் பிரித்து எறிகிறவர்களும், பிரசவ வேதனைப்படும் பெண்ணை 108 வண்டி நிற்கும் தார்ச்சாலை வரை தூக்கிச் செல்கிறவர்களும் பெரும்பாலும் அதே நாலு பேர்தாம். அவர்களுக்காகவும், அவர்களுக்கு ஏதேனும் கைம்மாறு செய்ய வேண்டுமென்று எண்ணுகிற ஊர்ப் பஞ்சாயத்தாருக்காகவும் இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

கசப்பான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னார்வத் தீயணைப்போருக்கும் ஆம்புலன்ஸ் தொண்டருக்கும் என்று வீட்டு வரியில் தனிச் சலுகை எதுவும் புதுவை மாநிலத்தில் இன்று இல்லை. ஆகவே "எந்த நமூனாவைப் பூர்த்தி செய்ய வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். ஆனால் நம் ஊரில் வரி என்பது இரண்டு. கொம்யூன் பஞ்சாயத்துக்குக் கட்டுகிற வீட்டு வரி ஒன்று. ஊர்ப் பஞ்சாயத்தார் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வசூலிக்கிற ஊர் வரி மற்றொன்று. முன்னதில் சலுகை பெறச் சட்டமோ அரசாணையோ வேண்டும். அதற்குக் காலம் செல்லும். பின்னதில் சலுகை கொடுக்க, அடுத்த ஊர்க் கூட்டமே போதும். எளியதைச் செய்து முடித்து, அதன் பலத்தைக் கொண்டு அரியதைக் கேட்பதே இங்கே சொல்லப்போகும் முறை.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும் சட்டம்

வெளிநாட்டில் இது எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவது மனு எழுதுவதற்குப் பிரயோஜனப்படும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 2022 டிசம்பரில் கையொப்பமான சட்டத்தின்படி, தன்னார்வத் தீயணைப்பு வீரரும் ஆம்புலன்ஸ் தொண்டரும் குடியிருக்கும் சொந்த வீட்டின் வரி மதிப்பீட்டில் 10 சதவீதம் வரை உள்ளூராட்சி கழித்துக் கொடுக்கலாம். கழிக்கத்தான் வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. மாநிலம் கதவைத் திறந்துவிட்டது, நுழைவதா வேண்டாமா என்பது அந்தந்த ஊரின் விருப்பம். குறைந்தபட்சத் தொண்டுக் காலத்தை 2 முதல் 5 ஆண்டுக்குள் ஊரே நிர்ணயித்துக்கொள்ளும். 20 ஆண்டு உழைத்தவருக்கு ஆயுட்காலச் சலுகைக்கும் இடமுண்டு. பென்சில்வேனியா 2016-இலேயே இதைப்போன்ற ஒரு சட்டம் செய்தது. காரைக்கால்காரர் பலருக்கு உறவினர் வாழும் பிரான்ஸில், தீயணைப்போரில் ஐந்தில் நான்கு பங்கினர் தன்னார்வத் தொண்டரே. அங்கே அவர்களுக்கு மணிக்கணக்கில் கொடுக்கும் படிக்கு வருமான வரி கிடையாது.

நம் தேசத்தில் வீட்டு வரி விலக்குக்கு முன்மாதிரி, படைவீரர் விஷயத்தில் இருக்கிறது. மகாராஷ்டிரம் 2020-இல் முன்னாள் படைவீரர்களின் வீடுகளுக்கு மாநிலம் முழுவதும் சொத்து வரி விலக்கு அளித்தது. தொண்டர்களை அரசு முறையாகப் பதிந்து பழக்குவதற்கு முன்மாதிரி கேரளம். அங்கே 124 தீயணைப்பு நிலையங்களோடு, நிலையத்துக்கு ஐம்பது பேர் வீதம், 6,200 பேர் கொண்ட குடிமைப் பாதுகாப்புத் தொண்டர் படையை இணைத்தார்கள். இவ்விரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்ட மாநிலம் எனக்குத் தெரிந்தவரை இல்லை. அந்த முடிச்சைப் புதுவை போடட்டும் என்பதுதான் நீங்கள் எழுதப்போகும் மனுவின் சாரம்.

இனி நம் ஊர் சங்கதி. பட்டினச்சேரி, திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்தது. பிரெஞ்சு அரசு 1880-இல் நகராட்சிக் கொம்யூன்களை அமைத்தபோது 'கிராந்த் அல்தே', அதாவது பெரிய ஊர், என்று பெயரிட்டு மேர் ஒருவரை உட்கார்த்திய அதே திருமலைராயன்பட்டினம். இன்று வரி விதிப்பது 1973-ஆம் ஆண்டுப் புதுவைக் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ். சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கப்படலாகாது என்கிறது அரசியல் சாசனத்தின் 265-ஆவது பிரிவு. விதித்த வரியைக் குறைப்பதற்கும் சட்டத்திலோ அதன் கீழ் பிறந்த ஆணையிலோ இடம் இருக்க வேண்டும் என்பது அதிலிருந்தே விளங்கும். புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-இல். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பின் கொம்யூன்களை நிர்வகித்து வருபவர்கள் ஆணையர்கள். உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீர்மானம் போடச் சொல்லும் வழி ஆகவே அடைபட்டுக் கிடக்கிறது. உங்கள் மனு மாநில அரசை நோக்கித்தான் பயணம் செய்ய வேண்டும்.

முதற் பகுதி: ஊர் வரியில் சலுகை

கரையோரத்துப் பழக்கத்தில் 'வரி' என்ற சொல்லுக்குப் பணம் என்ற பொருளைக் காட்டிலும் உறுப்புரிமை என்ற பொருளே ஆழமானது. வரி கட்டுகிற தலைக்கட்டு ஊரின் பங்காளி. 2004 டிசம்பர் 26-இல் கடல் ஊருக்குள் வந்த பிறகு இக்கரையின் பல ஊர்களில் நிவாரணப் பொருளைப் பங்கிடுவதற்கு வரிப் பட்டியலையே ஆதாரமாகக் கொண்டார்கள் என்பதை அறிந்தவர்க்கு, அப்பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை 'சலுகை' என்ற பெயரால் நீக்குவது எவ்வளவு அபாயம் என்று சொல்லத் தேவையில்லை. கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. தொண்டர் என்பவர் யார் என்பதற்கு ஊர்க் கூட்டத்தில் ஓர் அளவுகோலை நிச்சயித்துக்கொள்ளுங்கள். 'ஆண்டில் ஆறு முறையாவது அழைப்புக்கு வந்தவர். முதலுதவிப் பயிற்சி முடித்தவர்' என்பது போன்ற, எண்ணிப் பார்க்கக்கூடிய அளவாக இருக்கட்டும். 'நல்ல மனசுக்காரர்' என்பது அளவுகோல் ஆகாது.

2. பெயரை வரிப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். பெயர் அங்கேயே இருக்க, எதிரே 'வரி செலுத்தியதாகக் கொள்ளப்பட்டது, தொண்டின் பொருட்டு' என்று எழுதுங்கள். உறுப்புரிமை குறையாது, பணம் மட்டும் குறையும்.

3. முழு விலக்கை விடப் பாதி விலக்கே நல்லது என்பது என் அபிப்பிராயம். முழுவதும் விட்டால் அடுத்த ஆண்டு 'எனக்கும்' என்று நிற்பவர் கூடுவர். பொதுக் காசில் குறைவு விழும். கடைசியில் சலுகையே நின்றுபோகும்.

4. தீர்மானத்தைக் கூட்டப் புத்தகத்தில் தேதியோடு எழுதி, வந்தவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். இந்த ஒரு பக்கத்தின் நகல்தான் பின்னர் அரசுக்குப் போகும் மனுவின் முதல் இணைப்பு.

கவனிக்க: ஊர் வரி ஆண் பெயரில் விழுகிறது. ஆனால் பிரசவத்துக்கும் விஷக்கடிக்கும் முதலில் ஓடுகிறவர் அநேகமாக அந்த வீட்டு அம்மாள். தொண்டு அவருடையது, சலுகை வீட்டுக்காரர் பெயரில் என்றால் அது தொண்டரைக் கௌரவிப்பது ஆகாது. பதிவேட்டிலும் தீர்மானத்திலும் தொண்டு செய்தவருடைய பெயரையே எழுதி, 'இன்னார் வீட்டுத் தலைக்கட்டுக்குச் சலுகை' என்று அடுத்த வரியில் குறிப்பிடுங்கள். தனித்து வாழும் கைம்பெண் தொண்டராக இருந்து, அவரிடம் வரியே வாங்காத வழக்கம் இருந்தால், சலுகைக்கு ஈடான தொகையைக் கையில் கொடுத்துவிடுவதே முறை.

இரண்டாம் பகுதி: தொண்டுப் பதிவேடு

இது இல்லாவிட்டால் மற்ற எதுவும் இல்லை. நியூயார்க்கிலும் சரி, வேறெங்கும் சரி, சலுகை கிடைப்பது துணிச்சலுக்கன்று. துணிச்சலை யாரோ ஒருவர் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்து, ஆண்டு முடிவில் சான்று கொடுத்ததற்கு. நம்மவர்க்குக் கடலில் குதிப்பது சுலபம். கரையேறியபின் பேனாவைத் தொடுவது கஷ்டம்.

கெட்டி அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கங்களுக்கு முதல் நாளே மையால் எண் இடுங்கள். இடையில் ஒரு தாள் கிழிந்தால் தெரிய வேண்டும். நோட்டை ஊர்ப் பொதுக் கட்டடத்தில், ஈரம் படாத இடத்தில், பாலிதீன் பையில் வையுங்கள். உப்புக் காற்று பட்ட காகிதம் இரண்டு மழைக்காலத்தில் அப்பளமாகிவிடும். ஒரு பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

*பக்கம் 14. ஐப்பசி அமாவாசை இரவு, மணி 2.10. முகத்துவாரத்தில் ஃபைபர் கவிழ்ந்தது. உள்ளே மூவர். சென்றவர்: ஒரு படகு, ஐந்து பேர் (பெயர்கள்). உயிர்காப்பு அங்கி அணிந்தவர் ஐவர். மூவரும் மீட்கப்பட்டனர், ஒருவருக்குத் தலையில் காயம். 108-க்கு அழைத்த நேரம் 2.25. வண்டி வந்த நேரம் 2.50. செலவான டீசல் 6 லிட்டர். எழுதியவர் கையொப்பம். மீட்கப்பட்டவர் கையொப்பம் அல்லது கைநாட்டு.*

தமிழ்த் தேதியோடு ஆங்கிலத் தேதியையும் சேர்த்து எழுதுவது அவசியம். கரைக்கு அமாவாசை போதும், அலுவலகத்துக்குப் போதாது. டீசல் கணக்கை எழுதுவதற்குச் சிலர் கூச்சப்படுவார்கள். 2018-இன் பெருவெள்ளத்தில் மீட்புக்குப் போன மீனவர் படகுகளுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் கேரள அரசு அறிவித்தது. கணக்குக் கேட்பது இழுக்காகாது என்பதற்கு அதுவே சான்று.

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்குத் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருள, நம்மவர் அவரை மாப்பிள்ளை முறை சொல்லி வரவேற்கிற வேளையில், கூட்டத்தில் குழந்தைகளைத் தேடிக் கொடுப்பதும், மயங்கியவரை நிழலுக்குத் தூக்குவதும், குளிப்பவர் ஆழத்துக்குப் போகாமல் படகில் காவல் நிற்பதும் யார் என்று கேட்டால், மறுபடியும் அதே நாலு பேர். அந்த நாளைப் பதிவேட்டில் எழுத ஒருவருக்கும் நினைவு வருவதில்லை. விபத்தைத் தடுத்ததும் தொண்டுதான், எழுதுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஊரைச் சேராத ஒருவரிடம், அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடமோ பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ, 'பார்வையிட்டேன்' என்று தேதியோடு கையொப்பம் பெறுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரின் சான்றை மட்டும் நம்பி அரசு காசு விடாது.

மூன்றாம் பகுதி: கொம்யூன் வீட்டு வரிக்கு மனு

பதிவேடு குறைந்தது ஓர் ஆண்டு நிறைந்த பிறகே இந்தப் பகுதிக்கு வாருங்கள்.

1. உங்கள் வீட்டு வரிக் கேட்பு அறிக்கையையும் கடைசி ரசீதையும் எடுத்து, அவற்றில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்த வீடாக இருந்தாலும், பூர்வீக வீடாக இருந்தாலும், தகப்பனார் பெயரில் வரியும் மகன் பெயரில் தொண்டும் இருப்பது சகஜம். அவ்வாறிருந்தால் மனுவில் 'தொண்டர் பெயரில் உள்ள வீடு' என்று கேட்காமல், 'தொண்டர் நிரந்தரமாகக் குடியிருக்கும், அவருக்கோ பெற்றோருக்கோ வாழ்க்கைத் துணைக்கோ சொந்தமான ஒரு வீடு' என்று கேளுங்கள். இந்த ஒரு வாசகத்தில் பாதி இளைஞர் உள்ளே வருவதும் வெளியே நிற்பதும் இருக்கிறது.

2. எவ்வளவு கேட்பது என்று நிச்சயித்துக்கொள்ளுங்கள். ஆண்டு வரி 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10 சதவீதம் 80 ரூபாய்தான். தொகை அற்பமாயிற்றே என்று மலைக்க வேண்டாம். அற்பத் தொகையாக இருப்பதால்தான் அரசு அதை மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும். கொம்யூன் முழுவதற்கும் தொண்டர் எத்தனை பேர், மொத்த இழப்பு எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டு மனுவில் எழுதிக் கொடுங்கள். இழப்பைக் கணக்கிட்டுக் கொடுக்கிற மனுவுக்கு மரியாதை தனி.

3. சட்டத்தில் விலக்குக்கு எங்கே இடமிருக்கிறது, இப்போது எவரெவருக்கு விலக்கு வழங்கப்படுகிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை மனுவோடு இணையுங்கள்.

4. மனுவை இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். முதற் பத்தியில் கோரிக்கை. இரண்டாவதில் ஆண்டில் எத்தனை அழைப்பு, எத்தனை உயிர். மூன்றாவதில் பிற இடத்து முன்மாதிரி. நான்காவதில் நிபந்தனைகளை நீங்களே முன்மொழிதல், அதாவது ஆண்டுச் சான்று, குறைந்தபட்சத் தொண்டுக் காலம், ஒருவருக்கு ஒரு வீடு, வாடகைக்கு விட்ட பகுதிக்குச் சலுகை இல்லை என்பன.

5. திருமலைராயன்பட்டினம் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையருக்கு மூலப்பிரதி. உள்ளாட்சித் துறைக்கும், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கும், நிரவி–திருமலைராயன்பட்டினம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல். தனிநபர் விலக்கு ஆணையரால் ஆகாது. ஆனால் அவருடைய பரிந்துரை இல்லாமல் மேலே எதுவும் நகராது.

6. ஒவ்வோர் இடத்திலும் உங்கள் கைப்பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், எழுத்தர் மிகவும் அன்பாகப் பேசினார் என்பதற்காக முத்திரை கேட்கக் கூச்சப்பட்டு நான் வெளியே வந்துவிட்டேன்; ஆறு மாதம் கழித்துப் போனபோது அவர் மாற்றலாகியிருந்தார், அப்படியொரு மனு வரவே இல்லை என்றார்கள். மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.

7. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நினைவூட்டுக் கடிதம். சட்டமன்றக் கூட்டத் தொடருக்கு முன்பு உறுப்பினரை நேரில் பார்த்து, கேள்வியாக எழுப்பும்படி கேளுங்கள். கும்பலாகப் போகாமல் மூன்று பேர் போவது போதும். அதில் ஒருவர் காப்பாற்றப்பட்டவராக இருந்தால் விசேஷம்.

நேர்ந்துவிடும் பிழைகள்

முகவரிப் பிழை முதலாவது. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூரிலும் ஒரு பட்டினச்சேரி இருக்கிறது, அது தமிழ்நாடு. வெறுமனே 'பட்டினச்சேரி' என்று எழுதிய கடிதம் நாகப்பட்டினம் போய் நிற்கும். அதைவிடக் கெடுதல், அந்த மாநிலத்துச் சட்டத்தையும் அரசாணையையும் மேற்கோள் காட்டி இங்கே மனு கொடுப்பது. ஒவ்வொரு தாளிலும் 'திருமலைராயன்பட்டினம் கொம்யூன், காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி மாநிலம்' என்று முழுமையாக எழுதுங்கள்.

மனு நிலுவையில் இருக்கிறதே என்று வரி கட்டாமல் நிறுத்திவிடுவது அடுத்தது. எல்லாவற்றிலும் விலையுயர்ந்த பிழையும் இதுவே. நிலுவைக்காரரின் சலுகைக் கோரிக்கையை எவரும் படிக்க மாட்டார்கள். மூன்றாவது, தொண்டுக்கே வராத மைத்துனருக்கும் மச்சானுக்கும் பதிவேட்டில் பெயர் சேர்ப்பது. ஒரு பொய்ப் பெயர் வெளிப்பட்டால் நாற்பது மெய்ப் பெயரும் சந்தேகத்துக்கு உள்ளாகும். 'ஆயிரம் ரூபாய் கொடுத்தால் விலக்கு வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் வந்தால், இல்லாத சலுகையை அவர் விற்கிறார் என்று தெரிந்துகொண்டு திருப்பி அனுப்புங்கள்.

பாதுகாப்பு: சலுகைக்கும் முன்னது

சலுகைக்கு அழைப்பு எண்ணிக்கையை அளவாக வைத்தால் ஓர் அபாயம் உண்டு: எண்ணிக்கை சேர்ப்பதற்காகவே சிலர் போகக்கூடாத இடத்துக்குப் போவார்கள். ஆகவே, அழைப்புக்கு வந்து, கரையில் நின்று கயிறு பிடித்தவருக்கும், போனில் தகவல் சொன்னவருக்கும் அதே ஓர் அழைப்பாகவே கணக்கு என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

1. புறப்படுமுன் அழைப்பு. தீக்கு 101, காயத்துக்கு 108, எதற்கும் 112, கடலில் ஆபத்துக்குக் கடலோரக் காவற்படையின் 1554. இந்நான்கையும் பொதுக் கட்டடச் சுவரில் பெயிண்டால் எழுதுங்கள்.

2. உயிர்காப்பு அங்கி இல்லாதவர் படகேறலாகாது. நீந்தத் தெரியும் என்பது பதிலாகாது; அலையில் படகு தலையில் மோதினால் நீச்சல் உதவாது.

3. கூரைத் தீயில் முதலில் சமையல் வாயு உருளையின் ரெகுலேட்டரை மூடுவதும், மின்சாரத்தைத் துண்டிப்பதும். அவ்விரண்டுக்கும் அருகே போக முடியாத அளவு சூடு இருந்தால் வீட்டை விட்டுவிட்டு மனிதரை விலக்குங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாத வீட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

4. சாலை விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கத் தயங்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரை வழக்கிலிருந்து காக்கிறது. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. உயிர் பிழைக்க வைத்தவருக்கு மத்திய அரசு அளிக்கும் வெகுமதி 2025-இல் 5,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்தது.

5. 18 முதல் 70 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு தொண்டரும் வங்கிக் கணக்கு மூலம் பிரதம மந்திரி விபத்துக் காப்பீட்டில் சேரட்டும். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஊர்ப் பொதுக் காசிலிருந்தே இதைக் கட்டிவிடலாம். வாரிசு பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து வர வேண்டும். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் தாயார் பெயரே நிற்கும்.

இத்தனையும் ஆன பிறகு, மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படும் காலையில் ஒரு முறை உறையைத் திறந்து பாருங்கள்: ஊர்த் தீர்மானத்தின் நகல், பதிவேட்டுப் பக்கங்களின் நகல், தகவல் உரிமைப் பதில், கைப்பிரதி, நடப்பு ஆண்டு வீட்டு வரி கட்டிய ரசீது. ரசீது இல்லையென்றால் அன்று மனுக் கொடுக்காதீர்கள். வரியைக் கட்டிவிட்டு மறுநாள் போங்கள்.